வாட்டர்லூ போர்க்களத்துக்குக் குடும்பத்தோடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெல்ஜியத்துக்குச் சுற்றுலா வரும் குடும்பங்களும் ஐரோப்பாவிலேயே குடியிருக்கும் நம்மவர்களும் வாட்டர்லூ பற்றிக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பலர் அங்கே போய், சிங்க மேட்டில் (உச்சியில் இரும்புச் சிங்கம் நிற்கும் செயற்கைக் குன்று) ஏறி, போட்டோ எடுத்துக்கொண்டு, "ஒன்றுமில்லை, வெறும் வயல்தான் இருக்கிறது" என்று திரும்பிவிடுகிறார்கள். அதில் எனக்கு வருத்தம் உண்டு. அந்த வயலைத்தான் பார்க்க வேண்டும், அதில் நடக்க வேண்டும். அதனால் கீழே உள்ள பதில்களில் மியூசியத்தைவிட நிலத்துக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

1815-ல் அங்கே என்ன நடந்தது? போகும் வழியில் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

தோற்றுப்போய் எல்பா தீவில் வைக்கப்பட்டிருந்த நெப்போலியன் 1815 பிப்ரவரி கடைசியில் அங்கிருந்து தப்பினார். மார்ச் 1 அன்று தெற்கு பிரான்ஸில் கரை இறங்கினார். அவரைப் பிடிக்கப் போன படைகளே அவர் பக்கம் சேர்ந்துகொண்டன. மார்ச் 20 அன்று பாரிஸ் மறுபடி அவர் கையில். ஐரோப்பிய அரசுகள் அவருக்கு எதிராகப் படை திரட்டத் தொடங்கின. அவை எல்லாம் ஒன்று சேர்வதற்கு முன்பே, பக்கத்தில் இருந்த இரண்டு படைகளைத் தனித்தனியாக அடித்துவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. ஒன்று, பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனின் கூட்டுப்படை. இன்னொன்று, புளூக்கர் தலைமையில் இருந்த பிரஷ்யப் படை (பிரஷ்யா அந்தக் கால ஜெர்மன் அரசுகளில் ஒன்று).

ஜூன் 16 அன்று லீன்யி என்ற ஊரில் பிரஷ்யர்களை அடித்தார். அடி வாங்கிய அவர்கள் ஊரைப் பார்த்து ஓடவில்லை, வெலிங்டன் இருக்கும் திசைக்குப் பக்கமாகவே பின்வாங்கினார்கள். ஜூன் 18, ஞாயிற்றுக்கிழமை, வெலிங்டன் ஒரு மேட்டைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்கத் தாக்குப்பிடித்தார். பிற்பகலில் பிரஷ்யர்கள் வந்து பிரெஞ்சுப் படையின் வலப்பக்கத்தில் பாய்ந்தார்கள். இருட்டுவதற்குள் முடிந்துவிட்டது. நான்கு நாள் கழித்து நெப்போலியன் பதவி விலகினார். செயின்ட் ஹெலனா தீவில் 1821 மே 5 அன்று இறந்தார்.

பிள்ளைகளுக்கு வயதுக் கணக்கு பிடிக்கும். நெப்போலியன், வெலிங்டன் இருவரும் 1769-ல் பிறந்தவர்கள், அன்றைக்கு நெப்போலியனுக்கு 45 வயது, வெலிங்டனுக்கு 46. புளூக்கருக்கு 72. இரண்டு நாள் முன்னால் லீன்யியில் குதிரை சுடப்பட்டு விழுந்து, அதன் அடியில் மாட்டிக்கொண்டு நசுங்கிய மனிதர். அப்படியும் தன் ஆட்களைச் சேற்றில் நடத்திக் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். தாத்தாவோடு போகும் பிள்ளைகளுக்கு இந்த ஒன்று போதும்.

ரயிலில் போனால் வாட்டர்லூ ஸ்டேஷனில் இறங்கலாமா?

இறங்க வேண்டாம். போர் நடந்தது வாட்டர்லூ ஊருக்குத் தெற்கே, பிரேன்-லாலூ, லான், ஜெனாப் ஆகிய ஊர்களின் எல்லைக்குள். வெலிங்டன் தங்கியதும் வெற்றிச் செய்தியை எழுதி அனுப்பியதும் வாட்டர்லூ ஊரிலிருந்து. அதனால் அந்தப் பெயர் நின்றுவிட்டது.

பிரஸ்ஸல்ஸ் மிடி ஸ்டேஷனிலிருந்து பிரேன்-லாலூவுக்கு ரயில் பிடியுங்கள். வேகமான ரயில் என்றால் அரை மணிக்குள் போய்விடலாம். அங்கிருந்து சிங்க மேட்டுக்கு மூன்று, நான்கு கிலோமீட்டர். பஸ் உண்டு, ஆனால் ஞாயிற்றுக்கிழமை அடிக்கடி வராது. திரும்பும் பஸ் நேரத்தைப் போகும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தையும் பெரியவர்களும் இருந்தால் கார்தான் வசதி. கார் இருந்தால் பஸ் எளிதில் போகாத இடங்களையும் பார்க்கலாம்.

எவ்வளவு நேரம் ஒதுக்குவது?

ஒரு முழு நாள். காலை பத்து மணிக்குப் போய்விட்டால், மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒரு பகுதி, பின் ஒரு பகுதி என்று பிரித்துக்கொள்ளலாம். அரை நாள் பஸ் டூரில் போகாதீர்கள் என்பது என் கருத்து. அதில் கிடைக்கும் நேரம் சிங்க மேட்டுக்கும் கடைக்கும்தான் சரியாக இருக்கும்.

டிக்கெட் எப்படி?

சிங்க மேடு, நிலத்தடி மியூசியமான மெமோரியல் 1815, வட்ட ஓவிய மண்டபம், ஹூகுமோன் பண்ணை ஆகியவை ஒரே டிக்கெட்டில் வரும். வாட்டர்லூ ஊரில் உள்ள வெலிங்டன் மியூசியமும் நெப்போலியன் கடைசியாகத் தங்கிய பண்ணையும் சேர வேண்டும் என்றால் 'பாஸ் 1815' என்று கேளுங்கள். குளிர்காலத்தில் சீக்கிரம் மூடிவிடுவார்கள். கிளம்பும் முன் அவர்களுடைய இணையதளத்தில் நேரத்தையும் கட்டணத்தையும் பாருங்கள். ஆடியோ கைடு தமிழில் கிடையாது. ஆங்கிலம், பிரெஞ்சு, டச்சு, ஜெர்மன் உண்டு. ஆங்கிலம் பழகாத பெரியவர்களுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டியிருக்கும், அதற்காகவும் கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள்.

முதலில் எங்கே போவது?

எல்லோரும் சிங்க மேட்டுக்குப் போகிறார்கள். நான் ஹூகுமோனைச் சொல்வேன்.

ஹூகுமோன் மதில் சூழ்ந்த ஒரு பெரிய பண்ணை வீடு. வெலிங்டனின் வலப்பக்கத்தைக் காத்தது. காலை பதினொன்றரை வாக்கில் போர் இங்கேதான் தொடங்கியது. தாக்கிய படைப்பிரிவு ஒன்றுக்குத் தலைமை தாங்கியவர் நெப்போலியனின் கடைசித் தம்பி ஜெரோம். தொடக்கத்தில் இது கவனத்தைத் திருப்பும் சின்னத் தாக்குதலாகத்தான் இருந்தது, பிறகு நாள் முழுக்க ஆயிரக்கணக்கான பிரெஞ்சு வீரர்களை விழுங்கியது.

வடக்கு வாசலுக்கு வாருங்கள். ஒரு கட்டத்தில் கோடரியோடு வந்த பிரெஞ்சு அதிகாரி ஒருவர் இந்தக் கதவை உடைத்துவிட்டார். முப்பது, நாற்பது பேர் உள்ளே புகுந்தார்கள். லெப்டினன்ட் கர்னல் ஜேம்ஸ் மக்டொனெலும் கையளவு ஆட்களும் தோள் கொடுத்துத் தள்ளிக் கதவை மறுபடி மூடினார்கள். உள்ளே மாட்டிக்கொண்ட பிரெஞ்சுக்காரர்கள் கொல்லப்பட்டார்கள். முரசு அடிக்கும் ஒரு சிறுவனை மட்டும் விட்டுவிட்டார்கள் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். இந்தக் கதவை மூடியதில்தான் அன்றைய வெற்றியே தங்கியிருந்தது என்று வெலிங்டன் பின்னாளில் சொன்னதாகக் குறிப்பு உண்டு. இரண்டு வீரர்கள் கதவைத் தள்ளுவது போன்ற சிலை 2015-ல் அங்கே வைக்கப்பட்டது. பிள்ளைகள் அந்தக் கதவைத் தொட்டுப் பார்க்கட்டும், எவ்வளவு பெரியது என்று கை விரித்து அளக்கட்டும்.

அப்புறம் தோட்டத்து மதில். சுடுவதற்காகச் செங்கல்லைக் குடைந்து எடுத்த துளைகள் இன்னும் இருக்கின்றன. ஒரு துளை வழியே கண்ணை வைத்துப் பார்த்தால், எதிரே வந்தவர்கள் எவ்வளவு கிட்டத்தில் வந்திருப்பார்கள் என்பது புரியும். அந்தக் காலத் துப்பாக்கி நூறு மீட்டருக்கு மேல் குறி வைத்துச் சுட உதவாது.

பிற்பகலில் பீரங்கிக் குண்டு விழுந்து பெரிய வீடு எரிந்தது. காயம்பட்டு உள்ளே கிடந்தவர்கள் பலர் தீயில் இறந்தார்கள். ஒட்டியிருந்த சின்னத் தேவாலயம் மட்டும் தப்பியது. அங்கிருந்த மரத்தால் ஆன இயேசு உருவத்தின் பாதம் வரைக்கும் தீ வந்து நின்றது. தெற்கு வாசலுக்கு வெளியே, முன்பு காடாக இருந்த இடத்தில், அந்த நாளைப் பார்த்த பழைய செஸ்நட் மரங்கள் மூன்று நிற்கின்றன. இரண்டு பட்டுப்போய்விட்டன. மிச்சம் ஒன்று இன்னும் துளிர்க்கிறது.

பாழடைந்து கிடந்த இந்தப் பண்ணையை 2015-ல் இருநூறாவது ஆண்டு நிறைவுக்காகச் சீர்செய்து திறந்தார்கள். பெரிய களஞ்சியத்தில் ஒரு ஒளி-ஒலிக் காட்சி நடக்கிறது. அதைப் பாருங்கள், ஆனால் மதிலோரம் நடக்கும் நேரத்தை அதற்காகக் குறைத்துக்கொள்ளாதீர்கள்.

சிங்க மேட்டில் ஏறலாமா? படி எத்தனை?

226 படி. லிஃப்ட் இல்லை. கைப்பிடி உண்டு. மேலே காற்று பலமாக அடிக்கும், சின்னப் பிள்ளைகளின் தொப்பியைக் கீழேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மூட்டு வலி, இதய நோய் உள்ளவர்கள் ஏறாமல் இருப்பதே நல்லது.

போர் நடந்தபோது இந்த மேடு கிடையாது. அப்போது பெல்ஜியம் என்ற நாடும் கிடையாது, நெதர்லாந்து மன்னர் முதலாம் வில்லியத்தின் ஆட்சியில் இருந்த பகுதி இது. அவருடைய மகன், 22 வயது ஆரஞ்சு இளவரசர், இங்கே தோளில் குண்டடி பட்டார். அந்த இடத்தைக் குறிக்க மன்னர் இந்த மேட்டைக் கட்டச் சொன்னார். வேலை 1826-ல் முடிந்தது. உயரம் சுமார் 40 மீட்டர். உச்சியில் உள்ள வார்ப்பிரும்புச் சிங்கத்தின் எடை 28 டன், பிரான்ஸ் இருக்கும் திசையைப் பார்த்து நிற்கிறது. பிடிபட்ட பீரங்கிகளை உருக்கிச் செய்தது என்று சிலர் சொல்வார்கள், அது உண்மையில்லை. லியேஜ் பகுதியில் இருந்த காக்கெரில் ஆலையில் வார்த்தது.

இத்தனை மண்ணையும் எங்கிருந்து எடுத்தார்கள்? வெலிங்டன் நின்ற அதே மேட்டிலிருந்து. அவருக்கு வெற்றி தேடித்தந்த நில அமைப்பின் ஒரு பகுதியையே வெட்டி எடுத்துவிட்டார்கள். பழைய உயரம் தெரிய வேண்டும் என்றால், சாலைச் சந்திப்பில் இருக்கும் கார்டன் நினைவுத் தூணுக்குப் போங்கள். வெலிங்டனின் உதவியாளராக இருந்து இறந்த அலெக்ஸாண்டர் கார்டனுக்கு அவர் குடும்பம் 1817-ல் வைத்தது. சுற்றிலும் மண்ணை எடுத்தவர்கள் தூணை மட்டும் தொடவில்லை. அதனால் அது தனியாக ஒரு குன்றின் மேல் நிற்கிறது. அதுதான் 1815-ன் தரைமட்டம்.

மியூசியமும் வட்ட ஓவியமும் எப்படி?

இரண்டும் நன்றாக இருக்கும். மெமோரியல் 1815 தரைக்கு அடியில் கட்டப்பட்டது, வயல்வெளித் தோற்றம் கெடக்கூடாது என்பதற்காக. சீருடைகள் அணிந்த உருவங்களின் வரிசை பிள்ளைகளுக்குப் பிடிக்கும். குதிரைகள் நம்மை நோக்கிப் பாய்ந்து வரும் முப்பரிமாணப் படம் ஒன்று காட்டுகிறார்கள். சத்தம் அதிகம்.

2012-ல் பார்க்கிங் வேலைக்காகத் தோண்டியபோது கிடைத்த ஒரு வீரரின் எலும்புக்கூடும் இங்கே கண்ணாடிக்குள் இருக்கிறது. விலா எலும்புகளுக்கு இடையில் துப்பாக்கிக் குண்டு இருந்தது. சின்னப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர் ஒரு வீட்டின் பிள்ளை, பொம்மை இல்லை என்று சொல்லி, அந்த இடத்தில் சத்தம் போடாமல் நிற்கச் சொல்லுங்கள். அவரைக் காட்சிக்கு வைத்திருப்பது சரியா என்ற கேள்வி அங்கேயே பலரால் எழுப்பப்பட்டது. என்னைக் கேட்டால் அடக்கம் செய்திருக்கலாம்.

வட்ட ஓவியம் 1912-ல் திறக்கப்பட்டது. வரைந்தவர் லூயி துமுலான். 110 மீட்டர் சுற்றளவு, 12 மீட்டர் உயரம். நடுவில் நின்றால் நே என்ற பிரெஞ்சுத் தளபதியின் குதிரைப்படை நம்மைச் சுற்றிப் பாய்கிறது. சினிமா வளர்வதற்கு முந்தைய மனிதர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பிள்ளைகளும் அசந்துபோவார்கள்.

வெறும் வயலில் பிள்ளைகளுக்கு அலுக்காதா?

தேதிகளைச் சொல்லிக்கொண்டே நடந்தால் அலுக்கும். உடம்பால் செய்து பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு விளையாட்டுகளை நான் சிபாரிசு செய்கிறேன்.

ஒன்று, ஒளிந்துகொள்வது. பெரியவர் ஒருவர் தெற்கே, பிரெஞ்சுப் பக்கம் இறங்கி நிற்கட்டும். பிள்ளைகள், வெலிங்டன் நின்ற மேட்டுக்குப் பின்சரிவில் போய்ப் படுக்கட்டும். ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆள் இந்தப் பக்கத்திலிருந்து தெரியாத மாதிரி, அவர்கள் கண்ணுக்குத் தெரிய மாட்டார்கள். வெலிங்டன் தன் படையில் பெரும்பகுதியை இப்படித்தான் வைத்திருந்தார். எதிரே எத்தனை பேர் என்பது பிரெஞ்சுக்காரர்களுக்குக் கடைசி வரை சரியாகத் தெரியவில்லை, பீரங்கிக் குண்டுகள் பலவும் வீணாயின. முந்திய இரவு கொட்டிய மழையும் சேர்ந்துகொண்டது. காய்ந்த தரை என்றால் இரும்புக் குண்டு தத்தித் தத்திப் போய் வரிசையாக ஆட்களைச் சாய்க்கும். சேற்றில் பல குண்டுகள் விழுந்த இடத்திலேயே புதைந்தன.

இன்னொன்று, சதுரம். நான்கு மணி வாக்கில் வெலிங்டன் படை பின்வாங்குகிறது என்று தவறாக நினைத்து நே குதிரைப்படையை ஏவினார். மறுபடி மறுபடி ஆயிரக்கணக்கான குதிரைகள் மேட்டில் ஏறி வந்தன. காலாட்படை சதுரம் சதுரமாக நின்றது. நாலு பக்கமும் துப்பாக்கி முனையில் கத்தி நீட்டிக்கொண்டு, முன்வரிசை மண்டியிட்டு. குதிரை எவ்வளவு விரட்டினாலும் கத்தி வரிசையில் பாயாது, பக்கவாட்டில் ஒதுங்கிவிடும். நாலைந்து பேர் கொண்ட குடும்பம் முதுகோடு முதுகு ஒட்டி நின்றாலே, ஒருவர் ஓடினால் மற்றவர்கள் கதி என்ன என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும்.

வயல்கள் விவசாயிகளுக்குச் சொந்தம். பயிருக்குள் இறங்காமல், பாதையிலும் பாதையோரத்திலும் விளையாடுங்கள்.

எந்த வயதுப் பிள்ளைகளைக் கூட்டிப்போகலாம்?

எட்டு வயதுக்கு மேல் என்றால் நன்றாகப் புரிந்துகொள்வார்கள். அதற்குக் கீழே இருந்தாலும் வரட்டும், ஆனால் முப்பரிமாணப் படத்தையும் எலும்புக்கூட்டையும் தவிர்த்துவிட்டு ஹூகுமோன் தோட்டத்தில் ஓடவிடுங்கள். ஸ்ட்ரோலர் மியூசியத்துக்குள் போகும். மண் பாதையில் மழை பெய்திருந்தால் சக்கரம் புதையும், குழந்தையைக் கட்டித் தூக்கிக்கொள்ளும் பை நல்லது.

யார் நல்லவர், யார் கெட்டவர் என்று பிள்ளை கேட்டால்?

நேராகப் பதில் சொல்லுங்கள். நெப்போலியன் சட்டங்களைச் சீர்செய்தவர், பிறப்பைப் பார்க்காமல் திறமைக்குப் பதவி கொடுத்தவர். கரீபியன் தீவுகளில் அடிமைமுறையை 1802-ல் மறுபடி கொண்டுவந்தவரும் அவரே. அவருடைய போர்களில் லட்சக்கணக்கானவர்கள் செத்தார்கள். எதிர்த்து நின்ற அரசர்களும் மக்களுக்கு உரிமை கொடுப்பதற்காகப் போரிடவில்லை.

ஒன்றைச் சேர்த்துச் சொல்லுங்கள்: "இங்கிலாந்து ஜெயித்தது" என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பார்கள். வெலிங்டனின் சுமார் 68,000 பேரில் பிரிட்டிஷ் ஆட்கள் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டுவார்கள். மற்றவர்கள் ஜெர்மன் அரசுகளிலிருந்தும் இன்றைய நெதர்லாந்து, பெல்ஜியம் பகுதிகளிலிருந்தும் வந்தவர்கள். பிரஷ்யர்கள் அதற்கு மேல் இன்னும் சுமார் 50,000 பேர்.

லா ஹே சேன்ட் பண்ணைக்குள் போக முடியுமா?

முடியாது, தனியார் வீடு. வெளிச்சுவரையும் அதில் பதித்த நினைவுக் கற்களையும் பார்க்கலாம். சார்லெருவா நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது, கார்கள் வேகமாக வரும். பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

வெலிங்டனுக்காக இந்தப் பண்ணையைக் காத்து நின்றவர்கள் பிரிட்டிஷ் படையில் சேர்ந்திருந்த ஜெர்மன் வீரர்கள், சுமார் 400 பேர். தலைவர் மேஜர் கியோர்க் பேரிங். தோட்டா தீர்கிறது, அனுப்புங்கள் என்று மறுபடி மறுபடி கேட்டு ஆள் அனுப்பினார். வரவில்லை. மாலை ஆறு மணி வாக்கில் கடைசித் தோட்டாவும் தீர்ந்து, கத்தியாலும் துப்பாக்கிக் கட்டையாலும் அடித்துக்கொண்டு வெளியேறினார்கள். பேரிங்கோடு திரும்பி வந்தவர்கள் மிகக் கொஞ்சம் பேர். ஹூகுமோனுக்குக் கிடைத்த புகழ் இவர்களுக்குக் கிடைக்கவில்லை, அதனாலேயே ஒரு ஐந்து நிமிடம் இங்கே நில்லுங்கள்.

இறந்தவர்களின் கல்லறைகள் எங்கே?

இதை எல்லோரும் கேட்கிறார்கள். முதல் உலகப்போர்க் கல்லறைகளைப் பார்த்துவிட்டு வருபவர்கள் வரிசை வரிசையாக வெள்ளைக் கற்களை எதிர்பார்க்கிறார்கள். இங்கே அப்படி எதுவும் இல்லை.

அன்று ஒரே நாளில், ஒரு சில சதுர கிலோமீட்டர் நிலத்தில், மூன்று தரப்பிலும் சேர்த்து நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இறந்தோ காயப்பட்டோ விழுந்தார்கள். ஆயிரக்கணக்கான குதிரைகளும். உடல்களைப் பெரிய குழிகளில் போட்டார்கள், சிலவற்றை எரித்தார்கள். அதற்கு முன்பே உடைகளையும் காலணிகளையும் உருவிவிட்டிருந்தார்கள். பற்களைக்கூடப் பிடுங்கிப் பல்செட் செய்ய விற்றார்கள்.

குழிகள் எங்கே என்று தேடிய தொல்லியலாளர்களுக்கு எலும்புக் குவியல் எதுவும் கிடைக்கவில்லை. அண்மை ஆண்டுகளில் வரலாற்றாய்வாளர்கள் பழைய ஆவணங்களையும் பத்திரிகைச் செய்திகளையும் சேர்த்துப் பார்த்து ஒரு விடை சொல்லியிருக்கிறார்கள். 1830-களில் இந்தப் பகுதியில் பீட் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுக்கும் ஆலைகள் பெருகின. பழுப்புச் சர்க்கரைப் பாகை வெள்ளையாக்க எலும்புக் கரியால் வடிகட்டுவார்கள். எலும்புக்கு விலை ஏறியது. குழிகள் எங்கே என்று ஊராருக்குத் தெரியும். தோண்டி எடுத்து விற்றுவிட்டார்கள். குதிரை எலும்போடு மனித எலும்பும் போனது.

இதைப் பெரிய பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லலாம் என்று நினைக்கிறேன். சின்னவர்களிடம், "இங்கே விழுந்தவர்களுக்குக் கல்லறை இல்லை, இந்த வயல்தான் அவர்கள் இடம்" என்று சொன்னால் போதும்.

வெலிங்டனின் மருத்துவமனையாக இருந்த மோன்-சேன்-ஜான் பண்ணையில் அகழாய்வு நடந்திருக்கிறது. 'வாட்டர்லூ அன்கவர்ட்' என்ற தொண்டு அமைப்பு தொல்லியலாளர்களையும், இன்றைய போர்களில் காயம்பட்டு வந்த முன்னாள் ராணுவத்தினரையும் சேர்த்துத் தோண்டச் செய்கிறது. மயக்க மருந்து இல்லாத காலத்தில் அறுத்து எடுக்கப்பட்ட கால் எலும்புகள் 2019-ல் அங்கே கிடைத்தன. இப்போது அந்தப் பண்ணையில் ஒரு சின்ன மியூசியமும் பீர் வடிக்கும் இடமும் இருக்கின்றன.

இந்த வெலிங்டனுக்கும் குன்னூர் வெலிங்டனுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. குன்னூருக்குப் பக்கத்தில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம் இருக்கும் வெலிங்டனுக்கு இவர் பெயரைத்தான் வைத்தார்கள். இந்தியாவில் இருந்த காலத்தில் அவர் பெயர் ஆர்தர் வெல்லஸ்லி. 1797-ல் கல்கத்தாவுக்கு வந்து, அடுத்த ஆண்டு சென்னைக்கு மாறினார். 1799-ல் திப்பு சுல்தானின் ஸ்ரீரங்கப்பட்டணத்தை வீழ்த்திய படையில் இருந்தார். கோட்டைக்கு வெளியே தோப்பு ஒன்றில் இரவுத் தாக்குதலுக்குப் போய், இருட்டில் வழி தவறித் தோற்றுத் திரும்பினார். கோட்டை விழுந்த பின் அந்த ஊருக்கு ஆளுநராக ஆக்கப்பட்டார். 1800 கடைசியில் திருகோணமலைக்கும் போனார். 1803-ல் அசாயேவில் மராத்தியரை எதிர்த்து நடந்த போரில் அவர் படையில் மெட்ராஸ் காலாட்படைச் சிப்பாய்கள் இருந்தார்கள். பின்னாளில் வாட்டர்லூவைவிட அசாயேவையே அவர் பெரிதாகச் சொன்னார்.

நெப்போலியன் பக்கத்திலும் ஒரு நூல் இருக்கிறது. எகிப்தில் இருந்தபோது, 1799 ஜனவரியில், திப்புவுக்கு உதவிக்கு வருவதாகக் கடிதம் எழுதினார். அது வழியிலேயே பிரிட்டிஷார் கையில் சிக்கியது, திப்புவுக்குப் போய்ச் சேரவில்லை. வெலிங்டனை "சிப்பாய்த் தளபதி" என்று அவர் இளக்காரமாகச் சொன்னதாகவும் சொல்வார்கள். நம் ஊர்ச் சிப்பாய்களின் ரத்தத்தில் போர் பழகிய ஒருவர்தான் இந்த மேட்டில் நின்றார் என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

நெப்போலியன் தங்கிய பண்ணை, வெலிங்டன் மியூசியம்: ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால்?

பிள்ளைகள் இருந்தால் வெலிங்டன் மியூசியம். அவர் தங்கிய சத்திரம் அது, கார்டன் இறந்ததும் அங்கேதான். குதிரைப்படைத் தளபதி அக்ஸ்பிரிட்ஜ் பிரபுவின் கால் பக்கத்து வீடு ஒன்றில் அறுக்கப்பட்டு, அந்த வீட்டுத் தோட்டத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது. பிறகு அந்தக் 'கால் கல்லறை'யைப் பார்க்கவே ஆட்கள் வந்தார்கள். பிள்ளைகள் இதை மறக்கவே மாட்டார்கள்.

நெப்போலியனின் கையூ பண்ணை சிறியது, தெற்கே நான்கைந்து கிலோமீட்டர். அன்று காலைச் சாப்பாட்டின்போது, வெலிங்டன் மோசமான தளபதி, இது சுலபமான வேலை என்று நெப்போலியன் தன் தளபதிகளிடம் பேசியது இந்த வீட்டில்தான். கார் இருந்தால் போங்கள். வழியில் பிளான்ஸ்னுவா ஊரையும் பார்க்கலாம். பிரஷ்யர்களும் பிரெஞ்சுக்காரர்களும் வீடு வீடாக அடித்துக்கொண்ட இடம். சுற்றுலாக் கூட்டம் வராது. பிரஷ்ய நினைவுச்சின்னத்துக்குப் பக்கத்தில் பையோடு உட்கார்ந்து சாப்பிட அமைதியாக இருக்கும்.

ஜூன் மாதம் போர் நாடகம் நடக்கிறதே, அப்போது போகலாமா?

ஜூன் 18-ஐ ஒட்டிய வார இறுதியில் சீருடை அணிந்தவர்கள் முகாம் போட்டுப் போரை நடித்துக் காட்டுவார்கள். சில ஆண்டுகளில் பெரிதாக, சில ஆண்டுகளில் சிறிதாக நடக்கும். 2015-ல் ஆயிரக்கணக்கானவர்கள் நடித்தார்கள். முகாம்களில் பிள்ளைகள் நடந்து, சமையலையும் குதிரைகளையும் கிட்டத்தில் பார்க்கலாம், அது அருமை. ஆனால் அந்த நாட்களில் கூட்டம் நெரியும், நிலத்தில் அமைதியாக நடக்க முடியாது. முதல் முறை போகிறீர்கள் என்றால் மே அல்லது செப்டம்பரில் ஒரு வார நாள் எடுத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது? நாங்கள் சைவம்.

புளிசாதமோ சப்பாத்தியோ கட்டிக்கொண்டு போங்கள். சிங்க மேட்டுக்குப் பக்கத்தில் உணவகங்கள் உண்டு, சைவத்துக்குத் தேர்வு குறைவு. முக்கியமான ஒன்று: பெல்ஜியத்தில் உருளைக்கிழங்கு ஃப்ரைஸை மாட்டுக் கொழுப்பில் பொரிப்பது பழைய வழக்கம், இன்றும் பல கடைகளில் அப்படித்தான். "எந்த எண்ணெயில் பொரிக்கிறீர்கள்" என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். வாஃபிளில் முட்டை இருக்கும்.

தாத்தா பாட்டிக்கு ஒத்துவருமா?

மேட்டில் ஏறாமல், மியூசியம், வட்ட ஓவியம், ஹூகுமோன் என்று போனால் சிரமம் இல்லை. மியூசியத்துக்கும் ஹூகுமோனுக்கும் இடையே ஒன்றரை கிலோமீட்டர் இருக்கும். வண்டி வசதி அன்று இருக்கிறதா என்று டிக்கெட் கவுண்டரில் கேளுங்கள்.

இன்னொரு விஷயம். ஐரோப்பாவில் வாழும் நம் குடும்பங்களில் இலங்கைப் போரைக் கண்ணால் கண்டு வந்த பெரியவர்கள் பலர். ஷெல் சத்தம் கேட்டு ஓடியவர்களுக்கு இருட்டு அறையில் பீரங்கி அதிரும் படம் பொழுதுபோக்கு ஆகாது. அவர்களிடம் முன்னதாகச் சொல்லி, வேண்டாம் என்றால் வற்புறுத்தாமல் விடுங்கள். ஒருவர் அவர்களோடு வெளியே தோட்டத்தில் உட்காரட்டும்.

உடை, காலணி?

ஜூனிலும் மழை வரும். தண்ணீர் புகாத ஷூ, மழைக்கோட்டு. குடை மேட்டின் மேல் பயன்படாது. மழை பெய்தால் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டாம். அந்தக் களிச்சேற்றில் நூறு அடி நடந்தால், நெப்போலியன் ஏன் காலையில் தாக்குதலைத் தொடங்காமல் தரை காயக் காத்திருந்தார் என்பது விளங்கும். அந்தச் சில மணி நேரம்தான் பிரஷ்யர்கள் வந்து சேரப் போதுமானதாக இருந்தது.

பழைய தோட்டா ஏதாவது கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. போர்க்களம் 1914 முதல் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது. அனுமதி இல்லாமல் மெட்டல் டிடெக்டரால் தேடுவதும் குற்றம். ஒரு தோட்டா எந்த இடத்தில் கிடந்தது என்பதை வைத்துத்தான் யார் எங்கே நின்று சுட்டார்கள் என்று ஆய்வாளர்கள் கண்டுபிடிக்கிறார்கள். எடுத்துவிட்டால் அந்தச் சாட்சி போய்விடும்.

எங்களுக்கு இரண்டு மணி நேரம்தான் கிடைக்கும். என்ன பார்க்கலாம்?

மியூசியத்தை விட்டுவிடுங்கள். சிங்க மேட்டில் ஏற முடிந்தவர்கள் ஏறி, தெற்கே பார்த்து, இடப்பக்கச் சாலையில் லா ஹே சேன்ட் கூரையையும் வலப்பக்க மரங்களுக்கு இடையே ஹூகுமோனையும் கண்டுபிடிக்கட்டும். பதினைந்து நிமிடம். அப்புறம் இறங்கி, மேட்டுப் பாதை வழியே ஹூகுமோனுக்கு நடங்கள். வடக்கு வாசல், தோட்ட மதில், தேவாலயம், செஸ்நட் மரம், இந்த வரிசையில் பாருங்கள். திரும்பும் வழியில் பிள்ளைகளைப் பின்சரிவில் ஒளிந்துகொள்ளச் சொல்லுங்கள். காரில் வந்திருந்தால், ஒருவர் ஹூகுமோன் பக்கம் உள்ள பார்க்கிங்குக்குக் காரைக் கொண்டுவந்துவிட்டால் திரும்பி நடக்கும் நேரம் மிச்சம், அதைத் தோட்ட மதிலுக்குக் கொடுக்கலாம்.